ஓட்டமுள்ள கடை

லண்டனில் சேரிங் கிராஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் சாண்டோஸ் பிளேஸ் என்று ஒரு தெரு வரும். அங்கே தி ஹார்ப் என்று ஒரு பப். அகலம் என்று பார்த்தால் நம் மலை ரயில் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே நுழைந்தால் கையைத் தூக்கத்தான் இடம் இருக்கும், இறக்க இருக்காது.

நான் குன்னூர்க்காரன். சேரிங் கிராஸ் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊட்டிதான். நடுவில் ஆடம்ஸ் நீரூற்று, சுற்றிலும் வண்டி நெரிசல், ஸ்வெட்டர் வாங்கப் போனால் அப்பா பேரம் பேசும் இடம். 2011ல் வேலைக்காக லண்டன் போய், ரயிலில் முதல் தடவை அந்தப் பெயரை அறிவித்தபோது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நம்ம ஊர் பெயரை இவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. யாருடையது யாருக்குப் போனது என்பது எனக்கும் தெரியும்தான், இருந்தாலும்.

ஆறு வருடம் இருந்தேன். டூட்டிங்கில் வீடு. ஈழத்துக்காரர்கள் கடையில் இடியாப்பமும் சொதியும் கிடைத்ததால் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. சனிக்கிழமைதான் பிரச்சினை. சமைத்து, துவைத்து, ஊருக்குப் போன் பேசி முடித்தால் மணி ரெண்டு. அதற்கப்புறம் என்ன செய்வது?

இதற்கு வழி காட்டியவர் எங்கள் டீமில் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். முதல் வெள்ளிக்கிழமை ஆபீஸ் பக்கத்துப் பப்புக்கு எல்லோரும் போனோம். நான் எனக்குத் தெரிந்த ஒரே பியரின் பெயரைச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அது ஏர்போர்ட்டிலேயே கிடைக்குமே என்றார். அப்புறம் கவுண்டரில் நின்ற நீளமான கைப்பம்புகளைக் காட்டி, எது நல்லா இருக்கும் என்று கேட்காதே, எது சீக்கிரம் தீருகிறது என்று கேள் என்றார்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பம்பில் வருவது உயிருள்ள பியர். வடிகட்டாமல், சூடாக்கி ஈஸ்டைக் கொல்லாமல் பீப்பாயில் அடைத்து அனுப்புவார்கள். பப்பின் நிலவறையில் வந்து உட்கார்ந்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும். பதினொன்று முதல் பதின்மூன்று டிகிரி குளிரில் வைத்துக் கையால் இழுத்துக் கொடுக்க வேண்டும். பீப்பாயைத் திறந்துவிட்டால் காற்று பட ஆரம்பிக்கும். மூன்று நாளுக்குள் விற்றுத் தீர வேண்டும், இல்லையென்றால் புளிப்பு ஏறிவிடும். இதைக் காப்பாற்றுவதற்கென்றே 1971ல் கேம்ரா என்று ஒரு சங்கமே ஆரம்பித்திருக்கிறார்கள், பெரிய கம்பெனிகள் எல்லாப் பியரையும் காஸ் அடைத்த இரும்புப் பீப்பாய்க்கு மாற்றிக்கொண்டிருந்த கோபத்தில். அதனால் ஒரு பப் நல்லதா இல்லையா என்பது அங்கே தொங்கும் பழைய படத்திலும் மரத்தூணிலும் இல்லை. பீப்பாய் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதில் இருக்கிறது. அவர் அதற்குச் சொன்ன வார்த்தையை நான் மனதுக்குள் 'ஓட்டம்' என்று மாற்றிக்கொண்டேன். நம் ஊர்க் கடைக்காரர்கள் சொல்வார்களே, "இந்த ஐட்டம் ஓட்டம் இல்லைங்க" என்று. அதே ஓட்டம்தான்.

அப்புறம் சனிக்கிழமை தவறாமல் ஒரு ஸ்டேஷனில் இறங்கி நடப்பதே வேலையாகப் போயிற்று. பெயர் பெற்ற இடங்களுக்கும் போனேன். சதக்கில் ஜார்ஜ் இன் என்று மர மாடி வராந்தா வைத்த பழைய சத்திரம் ஒன்று, லண்டனில் அந்த மாதிரி மிச்சமிருப்பது அது ஒன்றுதான். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் 1666 தீ விபத்துக்கு அடுத்த வருடம் திரும்பக் கட்டிய செஷயர் சீஸ், உள்ளே பட்டப்பகலிலும் அமாவாசை. ரெண்டுமே பார்க்க அழகு. ஆனால் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னை மாதிரியே வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒரு தடவை போதும்.

கடைசியில் நான் தேடிய கடை வீட்டிலிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தது. சவுத் விம்பிள்டன் பக்கம் ஒரு பின்தெருவில், வீடுகளுக்கு நடுவே, தி சுல்தான். வில்ட்ஷயரில் இருக்கும் ஹாப் பேக் என்ற சின்ன ப்ரூவரியின் கடை. அவர்களுடைய சம்மர் லைட்னிங் என்று ஒரு பியர், வைக்கோல் நிறம், நாக்கில் லேசான கசப்பு. கோடை மின்னல்! பெயருக்காகவே ஒரு பைண்ட் குடிக்கலாம். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி, நம் ஊர் பெரிய பியர் பாட்டிலில் முக்கால் பாகத்துக்கு மேல். செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குப் போனாலும் அங்கே ஆறு பேர் இருப்பார்கள். கூட்டம் இல்லாத நாளில் யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துக் கடையை எடை போடலாம் என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

அங்கே ஒரு அவமானமும் உண்டு. கூட்டமாகக் குடித்தால் ஆளுக்கு ஒரு தடவை எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நான் மூன்று பேர் வாங்கியதைக் குடித்துவிட்டு, நாளைக்குச் சீக்கிரம் எழ வேண்டும் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். விஷயம் புரிந்தது ரெண்டு வாரம் கழித்து. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

சரி, ஊருக்கு வருவோம்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் 2017ல் திரும்பி வந்தேன். அருவங்காட்டுக்கு மேலே வீடு, பின்னால் எழுபது சென்ட் தேயிலை. தாத்தா கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஷிப்ட் சங்கு கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலையே வைப்பார்களாம்.

லண்டன் பழக்கத்தில், இங்கேயும் உட்கார்ந்து நிதானமாக ஒரு பியர் குடிக்க இடம் தேடினேன். நேரம் பார்த்து வந்திருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. மலையில் ரோட்டை விட்டு 500 மீட்டர் போனால் பள்ளம் இருக்கும், இல்லை தேயிலை இருக்கும், இல்லை காட்டெருமை இருக்கும்.

டாஸ்மாக்கைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறப்பார்கள், இரவு 10 மணிக்கு மூடுவார்கள். கம்பி வலைக்குள் கையை விட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பாரில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தேன். தரை ஈரம், பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் குட்டை. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் பேசவில்லை, யாரும் யாரிடமும் பேசவில்லை. எல்லோரும் ஒரு வேலையைச் சீக்கிரம் முடிப்பது மாதிரி குடித்துவிட்டுப் போனார்கள். ஒன்று மட்டும் பாராட்டுவேன். 2022லிருந்து எங்கள் மாவட்டத்தில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தருகிறார்கள். யானை நடக்கிற காட்டில் கண்ணாடி உடைந்து கிடக்கக் கூடாது என்று ஹைகோர்ட் வரை போன விவகாரம். எங்கள் தோட்டத்து வேலிக்குள் விழும் பாட்டில்கள் அதற்குப் பிறகு நிஜமாகவே குறைந்தன. விழுந்தாலும் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஊட்டி கிளப் இருக்கிறது, 1841ல் ஆரம்பித்த பழைய கிளப். ஸ்னூக்கர் விதிகளை 1882ல் அங்கேதான் எழுதி மாட்டினார்கள் என்பது ஊரறிந்த பெருமை. மெம்பர் ஆகாமல் உள்ளே போக முடியாது. பெரிய ஓட்டல் பார்களில் ஒரு பியர் விலைக்கு எங்கள் வீட்டில் ரெண்டு நாள் மீன் குழம்பு வைக்கலாம். ஆனால் இந்த மலைக்கும் பியருக்கும் ஒட்டுறவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915ல் தென்னிந்தியாவின் ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பித்தார், இன்றைக்குக் கிங்ஃபிஷர் விற்கும் அதே கம்பெனி. அந்த ஐந்தில் ஒன்று நீலகிரி ப்ரூவரி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இந்தக் குளிர்தானே முதலீடு.

இப்படி நான் புலம்பிக்கொண்டிருந்த ஒரு நாள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருந்த அப்பா கேட்டார்:

"ஏண்டா, சாயங்காலம் ஆனா நாலு பேரோட நின்னு பேசிக்கிட்டே குடிக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமாப்பா."

"அதுக்குத்தானே டீக்கடை இருக்கு. லண்டன் போய்ப் படிச்சுட்டு வந்தியா இதை?"

வாயடைத்துப் போனேன். அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் டீக்கடைக்குப் போயின.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுகிறேன். நீலகிரிக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது, "தேயிலை விளையுற ஊருல டீக்கடை டீ ஏன் இப்படி இருக்கு?" அவர்கள் மனதில் இருப்பது சுருண்ட முழு இலை, வெளிர் நிறம், பூ வாசனை. அந்த டீ உண்மைதான். உயரமான தோட்டங்களில், பனிக்காலத்தில் மெதுவாகத் துளிர்க்கும் இலையில் செய்வது. அதைக் கொண்டுபோய் டீக்கடைப் பாலில் ஊற்றினால் பால் பாலாகவே இருக்கும், நிறம்கூட மாறாது. கடைக்கு வேண்டியது சி.டி.சி. டஸ்ட். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி, மணல் மாதிரி ஆக்கியது. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். டீக்கு 2 கிராம் என்று வைத்தால் அந்த ஒரு கிலோவில் 500 டீ. நாங்கள் ஃபேக்டரிக்கு அனுப்பும் ஒரு கிலோ பச்சை இலைக்குப் பல மாதங்களில் கிடைக்கும் காசில் ரெண்டு டீ குடிப்பதே சிரமம் என்ற கணக்கை அப்பா தினமும் போடுவார். நான் அதற்குள் போகவில்லை, போனால் இந்தப் பதிவு வேறு பதிவாகிவிடும்.

ஆக டஸ்ட்டில் குற்றம் இல்லை. வித்தியாசம் பையில் இருக்கிறது. மாஸ்டர் கையில் ஒரு துணிப்பை இருக்கும் பாருங்கள், கைப்பிடி வைத்தது. அதில் தூளைப் போட்டு, பாய்லரிலிருந்து கொதிநீரை ஊற்றி டிக்காஷன் இறக்குவார். கூட்டம் உள்ள கடையில் மேலே மேலே ரெண்டு ஸ்பூன் போடுவார், பை நிறைந்ததும் உதறிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் மூன்று தடவை கொட்டுகிற கடையை நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் இல்லாத கடையில் அதே பை மத்தியானம் முழுக்க டிக்காஷனில் ஊறிக் கிடக்கும். நிறம் இருக்கும், வாசனை செத்திருக்கும், தொண்டையில் துவர்ப்பு மட்டும் நிற்கும். பாலும் அப்படித்தான். காய்ந்து காய்ந்து ஆடை கட்டி ஒரு மாதிரி பால்கோவா வாசம் வந்துவிடும். மூன்று நாள் தாண்டிய பீப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் மலைக்கே உரிய ஒரு சங்கடம் வேறு. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. கொதிக்கிறதே தவிர அந்தச் சூடு கிடையாது. மேட்டுப்பாளையத்தில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்த ஒரு மாஸ்டர் இதை எனக்கு எந்த தெர்மாமீட்டரும் இல்லாமல் சொன்னார்: "கீழ தண்ணி ஊத்தினதும் சாறு இறங்கிடும் சார். இங்க ரெண்டு மூச்சு விட்டு நிக்கணும். அவசரப்பட்டா கலர்தான் வரும், டீ வராது." அதனால்தான் நான் மலையில் மாஸ்டரின் கையைப் பார்க்கிறேன். ஊற்றியவுடன் பையைத் தூக்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவேன்.

இந்தக் கண்ணோடு தேடியதில் கிடைத்தவை சில.

அருவங்காட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஃபேக்டரி பக்கத்துக் கடைகள். ஒரே சமயத்தில் நாற்பது பேர் வந்து நிற்பார்கள், பத்து நிமிடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைப்பதுதான் இந்த வட்டாரத்தின் நல்ல டீ. அதே கடையில் அரை மணி கழித்துப் போனால் வேறு டீ. பேச்சும் அப்படித்தான். யார் மகளுக்குக் கோயம்புத்தூரில் சீட் கிடைத்தது, எந்த வளைவில் கரடி குறுக்கே வந்தது, எல்லாம் ஒரு கிளாஸ் நேரத்தில் முடிந்துவிடும்.

கட்டபெட்டு. கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் ரோடுகள் சந்திக்கும் இடம் என்பதால் பஸ் மாறுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். படுகர் பெரியவர்கள் வெள்ளை முண்டாசோடு வந்து நிற்பார்கள். படுகு, தமிழ், நடுவில் கொஞ்சம் கன்னடம் என்று பேச்சு ஓடும். நான் பாதி புரிந்து முழுசாகத் தலையாட்டுவேன். அங்கே ஒரு கடையில் டீயைத் தூக்கி ஆற்ற மாட்டார்கள். ஆற்றினால் குளிரில் உடனே ஆறிப்போகுமாம். ஒரே ஒரு இழுப்பு, முடிந்தது.

குன்னூர் மார்க்கெட்டுக்குள் காலை ஐந்தரை மணி. காய்கறி மூட்டை இறக்குகிறவர்கள் குடிக்கும் டீ. சர்க்கரை மூன்று ஸ்பூன் இருக்கும், கம்மியாகப் போடச் சொன்னால் மாஸ்டர் மரியாதையாக ரெண்டரை போடுவார். கூடவே வர்க்கி. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி, மடிப்பு மடிப்பாக, மேலே மொறுமொறு. அதை டீயில் நனைப்பது சரியா தப்பா என்று எங்கள் வீட்டிலேயே ரெண்டு கட்சி. நான் நனைக்கும் கட்சி.

கூடலூர்ப் பக்கம் போனால் சேட்டன்மார் கடைகள். அங்கே பால் வேண்டாம், கட்டன் சாயாதான். ஜூலை மழையில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நின்று அதைக் குடித்த நாளில் சம்மர் லைட்னிங் ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. நிறமாக இருக்கலாம்.

மோசமானதும் சொல்ல வேண்டுமே. மே மாத சீசனில் ஒரு வியூ பாயிண்ட் கடையில் முப்பது ரூபாய் கொடுத்தேன். காலையில் போட்டு ஃப்ளாஸ்க்கில் அடைத்தது, பேப்பர் கப்பில் பாதி. கேட்டால், "வியூவுக்குத்தான் சார் காசு" என்றான் பையன். அன்றைக்குப் பனிமூட்டம், வியூவும் இல்லை.

இதையெல்லாம் பெருமையாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் லண்டனில் என்னோடு நாலு வருடம் இருந்தவள். சுல்தானில் தனியாகப் புத்தகம் படித்துக்கொண்டு அரை பைண்ட் சைடரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"உங்க லிஸ்ட்ல நான் தனியா போய் நின்னு டீ குடிக்கிற மாதிரி எத்தனை கடை இருக்கு?" என்று கேட்டாள்.

யோசித்தேன். அருவங்காடு? இல்லை. மார்க்கெட் காலை ஐந்தரை? சத்தியமாக இல்லை. கட்டபெட்டில் பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றால் ஒருவேளை. என் ஓட்டக் கணக்கில் பாதி ஜனத்தொகை சேரவே இல்லை என்பது ஆறு மாதமாக எனக்குத் தோன்றவில்லை.

"நான் ஒண்ணு காட்டுறேன் வாங்க" என்றாள்.

வெலிங்டன் தாண்டி, அவள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியில், ரோட்டுக்கு நாலு படி கீழே ஒரு வீட்டின் முன்பக்கம். ஜன்னலையே கவுண்டராக மாற்றி வைத்திருந்தார்கள். பெயர்ப்பலகை கிடையாது. கொழுந்து எடுக்கும் அக்காமார் பத்து மணிக்கு வருவார்களாம், இடுப்பில் கட்டிய தார்பாலினோடு சுவரில் சாய்ந்து நின்று குடித்துவிட்டுப் போவார்களாம். நாங்கள் போனபோதும் ஐந்து பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்ததும் தொடர்ந்தார்கள். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பாய்லர் இல்லை, கேஸ் அடுப்பில் ரெண்டு அலுமினியப் பாத்திரம். இஞ்சியைக் கல்லில் தட்டிப் போட்டார்.

"டீச்சர், வீட்டுக்காரரா?"

"ஆமாம்மா. டீயைப் பரிசோதனை பண்ண வந்திருக்கார்."

நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பை எங்கே? கடைசியாக எப்போது கொட்டினார்கள்? பால் எத்தனை மணிக்கு வந்தது? தூள் போட்டபின் எத்தனை மூச்சு விடுகிறார்?

"பாத்திரத்தைப் பாக்குறதை விட்டுட்டுக் குடிங்க, ஆறுது" என்றாள்.

குடித்தேன். இன்னொன்று சொன்னேன். காசு கொடுக்கப் பையில் கையை விட்டபோது, சுவரோரம் நின்ற ஒரு அக்கா கையைத் தடுத்தார்.

"இன்னிக்கு என் கணக்கு தம்பி. டீச்சர் போன வாரம் எங்க எல்லாருக்கும் குடுத்தாங்க."